எனக்குத் துடக்கு

தாடி அரிக்கிறது, அக்கா.

மேசையில் ஒரு பிளேட் பெட்டி கிடக்கிறது. சித்தப்பா முந்தாநாள் கொண்டுவந்து வைத்தது. மேலுறை இன்னும் பிரிக்கவில்லை. "உதை வழிச்சுப்போட்டு, வேட்டியைத் தோய்ச்சுக் காயப்போடு. நாளண்டைக்கு எங்கடை திருவிழா," என்றார். அப்பாவுக்குப் பிறகு திருவிழாவை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

இன்றைக்குத்தான் அந்த நாள். கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. சோளகக் காற்று தவிலை ஒருமுறை கொண்டுவருகிறது, ஒருமுறை கொண்டுபோகிறது. கொடியேறிய பின் வரும் ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்குரியது, எங்கள் உபயம். அப்பாவும் அவருடைய அப்பாவும் செய்த நாள். அனலைதீவில் எங்களுக்கென்று வேறு பெருமை இல்லை. கொஞ்சம் தோட்டம், ஒரு புகையிலைக் கொட்டில், ஐந்தாம் திருவிழா.

இந்த வருடம் அந்த நாளை ஊர்ப் பொதுவில் செய்கிறார்கள். நான் வீட்டில் இருக்கிறேன். அம்மா குசினியில் இருக்கிறார். நேற்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. களைப்பு.

ஒரு சொல்லைச் சொன்ன களைப்பு. அது என்ன சொல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களுடைய சொல்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

*

நீங்கள் வேதத்துக்குப் போய்விட்டீர்கள் என்று ஊர் சொன்னது. எங்கோ தூரம் போனவர்களைச் சொல்வதுபோல. நீங்கள் போனது அரை மணி நேரக் கடல். ஊர்காவற்றுறைக் கரையில் ஒரு மீனவக் கிராமம். அங்கே வேதக் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த மண்டபத்தில் முன்பள்ளி, நீங்கள் ரீச்சர். காலை வள்ளத்தில் போய் மத்தியான வள்ளத்தில் வருவீர்கள். பிள்ளைகள் உங்கள் சேலையில் மூக்குத் துடைத்த அடையாளத்தோடு வருவீர்கள்.

நீங்கள் வீட்டில் சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உயிர்த்த ஞாயிறண்டு நான் ஞானஸ்நானம் எடுக்கப்போறன்."

துருவல் நின்றது. அம்மா கேட்ட முதல் கேள்வி:

"ஆரடி அவன்?"

"ஒருதருமில்லை."

"ஒருதருமில்லாமல் ஆரும் மாறுவினமே? சொல்லு. கடற்கரைப் பெடியனோ?"

"அம்மா, ஒருதருமில்லை எண்டு சொல்லுறன்."

அம்மா நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. ஒரு வருடம் முழுக்க அந்தப் பெடியனைத் தேடினார்கள். ஒருவன் இருந்திருந்தால் நல்லது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. காதல் என்றால் கொஞ்சம் அழுதுவிட்டு, ஒரு பிள்ளை பிறந்ததும் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு வழி இருக்கிறது. ஒருவனும் இல்லாமல் ஒரு பெண் தானாக நினைத்து, தானாக நம்பி, தானாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்கு வழி இல்லை.

அப்பா புகையிலைக்குக் கணுக்கிள்ளிவிட்டு வந்தார். கை கறுத்திருந்தது. அம்மா அழுதபடி சொன்னதைக் கேட்டார். கிணற்றடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அந்தப் பிசின் ஒரு கழுவலில் போகாது. திரும்பி வந்து ஒன்றுதான் சொன்னார்.

"இனி அருச்சனைக்கு உன்ரை பேர் சொல்லமாட்டன்."

நீங்கள் சொன்னீர்கள்: "நான் ஒருதரையும் விட்டிட்டுப் போகேல்லை, அப்பா. ஒராளைக் கூட்டிக்கொண்டனான். அவ்வளவுதான்."

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெள்ளிக்கிழமைகளில் ஐயரிடம் வீட்டாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் வரிசையாகச் சொல்வார் அல்லவா. தன்னுடையது, அம்மாவுடையது, உங்களுடையது, என்னுடையது. அதன் பிறகு அம்மாவின் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுப்பார். ஐயர் பூவோடு காத்திருப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். அப்பா சாகும்வரை அந்த மூச்சு அந்த இடத்தில் இருந்தது. இதை உங்களிடம் சொல்லியிருக்கிறேனா என்று ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தால் நீங்கள் ஏதாவது பகிடி விட்டிருப்பீர்கள்.

*

ஞானஸ்நானத்துக்குப் பிறகு நீங்கள் அந்தக் கரையிலேயே றெஜினாக்காவின் வீட்டில் ஓர் அறை எடுத்தீர்கள். கடலுக்குப் போன கணவரைக் கடலிலேயே விட்டவர் றெஜினாக்கா. கருவாட்டு வாசம் அடிக்கும் அறை. முதல் மாதம் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றும் பிறகு அந்த வாசம் இல்லாமல் நித்திரை வரவில்லை என்றும் சொன்னீர்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்த காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து ஊர்காவற்றுறையில் இறங்குவேன். வள்ளம் வெளிக்கிடும்வரை இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடையில் இருப்போம். எங்கள் ஊர்ச் சனம் வள்ளத்தில் இருந்தபடி எங்களைப் பார்க்கும். ஒரு முறை தோட்டக்காரக் கிழவர் ஒருவர் எட்டிக் கூப்பிட்டார்.

"ரீச்சரம்மா, ஞாயிற்றுக்கிழமை அப்பம் தாறவையாமே. எங்களுக்கும் ரெண்டு கட்டிக் குடுத்துவிடுமன்."

வள்ளம் முழுக்கச் சிரித்தது. நீங்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து நின்றீர்கள்.

"அது பல்லிலை படாமல் விழுங்கவேணும், அப்பு. உங்களுக்குப் பிரச்சினையில்லை, பல்லில்லை."

வள்ளம் இன்னும் சத்தமாகச் சிரித்தது. கிழவரும் சிரித்தார். நீங்கள் திரும்ப வாங்கில் இருந்தீர்கள்.  "களைச்சுப்போனன், தம்பி," என்றீர்கள். "பகிடி விட்டு விட்டே களைச்சுப்போனன்."

கரையிலும் நீங்கள் முழுதாக உள்ளே போய்விடவில்லை. திருநாளுக்கு மாதா சொரூபத்துக்குச் சேலை உடுத்துவது அங்கே குறிப்பிட்ட வீட்டுப் பெண்களின் உரிமை. ஊசி பிடிக்கக்கூட உங்களை விடவில்லை. "புதுசா வந்தவ" என்றார்கள். எத்தனை வருடம் ஆனாலும் புதுசு. "அங்கையும் உபயகாரர் இருக்கினம்," என்று சொல்லி ஒரு சீனிப்பணியாரத்தை உடைத்துப் பாதியை எனக்குத் தந்தீர்கள்.

ஒரு நாள் கேட்டேன், அப்படி என்னத்தைக் கண்டீர்கள் என்று. நான் அப்போது நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். கடவுள் இல்லை என்பதை மூன்று விதமாக நிறுவத் தெரியும். நீங்கள் அதில் எதையும் எடுக்கவில்லை.

"பெரிய வெள்ளிக்கிழமை பிள்ளையளோடை போனனான்," என்றீர்கள். "கோயிலுக்கு நடுவிலை செத்த வீடு. அவரைக் கிடத்தி வைச்சிருக்கினம். பெண்டுகள் சுத்தி இருந்து அழுகினம், சொந்தக்காரன் செத்தமாதிரி. எங்கடை ஊரிலை செத்த வீடெண்டால் கோயில் கதவைச் சாத்துவினம். இஞ்சை கடவுளே செத்துக் கிடக்கிறார். ஆருக்குத் துடக்கு? ஒருதருக்குமில்லை. அண்டைக்குத்தான், தம்பி."

அவ்வளவுதான் சொன்னீர்கள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"நீ ஒண்டையும் நம்புறேல்லை. உன்னை ஒருதரும் துரத்தேல்லை, பாத்தனியே? தேருக்கு வடம் பிடிக்கக் கூப்பிடுகினம். நான் நம்பினன், என்னைத் துரத்திப்போட்டினம். நீ நம்பாட்டிலும் வீட்டுப் பிள்ளை."

 வள்ளக்காரர் கூப்பிட்டார். நான் போய் ஏறிக்கொண்டேன்.

*

துடக்கு என்றால் என்னவென்று நாங்கள் எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த இரத்தத்துக்கு முப்பத்தொரு நாள் விலக்கு. கோயில் வாசல் மிதிப்பதில்லை. வீட்டுச் சாமியறையில் விளக்கு வைப்பதில்லை. ஆண்கள் முகம் வழிப்பதில்லை. சின்ன வயதில் அது ஒரு தண்டனை என்று நினைத்திருந்தேன். அப்பா செத்த அன்றுதான் அது என்னவென்று விளங்கியது.

நீங்கள் முதல் வள்ளத்தில் வந்தீர்கள். வெள்ளைச் சேலை. சிலுவையைச் சட்டைக்குள் விட்டிருந்தீர்கள். பெண்களுக்கு நடுவில் இருந்து அழுதீர்கள், ஒருவரும் தடுக்கவில்லை. நான் கொள்ளி வைத்துவிட்டு வந்தபோது நீங்களும் கிணற்றடியில் தலை முழுகிவிட்டு ஈரத்தோடு நின்றீர்கள், வீட்டுப் பெண்களைப்போல.

சித்தப்பா முற்றத்தில் நின்று சொந்தக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், யார் யாருக்குத் துடக்கு, யார் முப்பத்தொன்றுவரை நிற்க வேண்டும் என்று. நீங்கள் கிட்டப் போனீர்கள்.

"சித்தப்பா, நானும் முப்பத்தொண்டு மட்டும் நிக்கட்டோ?"

அவர் உங்களைப் பார்த்தார். திருவிழாவில் சாமி தெரியவில்லை என்று அழுத உங்களைத் தோளில் தூக்கி வைத்தவர். வாய் திறந்தால் "குஞ்சு" என்று கூப்பிட்டவர்.

"உமக்குத் துடக்கில்லை," என்றார். "நீர் போகலாம். உங்கடை கோயிலுக்கும் போகலாம். ஒரு தடையுமில்லை."

நீங்கள் "ஓம்" என்றீர்கள்.  பையை எடுத்தீர்கள்.

இறங்குதுறைவரை நான் வந்தேன். ஈர வேட்டி காலில் ஒட்டியது. பாதி வழியில் நீங்கள் சிரித்தீர்கள்.

"சித்தப்பா என்னை நீர் எண்டவர், கேட்டனியே? பிறத்தி ஆக்களுக்குச் சொல்லுறமாதிரி."

"கேட்டனான்."

"துடக்கில்லையாம். சுத்தமாம், நான்."

வள்ளம் வந்தது. ஏறியபின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டீர்கள். வெயில் என்று நினைத்தேன்.

*

பெரியாசுபத்திரி வாட்டில் நீங்கள் கிடந்த நாட்களில் அம்மா ஒரே ஒரு முறை வந்தார். கண் கிளினிக்குக்குப் போவதாகச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தார். உங்கள் வயிற்றுக் கட்டியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வெங்காயம் என்ன விலை போகிறது என்று பேசினீர்கள். மாடு கன்று போட்டதைப் பேசினீர்கள். நான் சன்னலடியில் நின்றேன்.

அம்மா திடீரென்று உங்கள் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைத் தூக்கிப் பார்த்தார்.

"வெள்ளியே இது? கறுத்துப்போச்சு."

கைப்பையைத் திறந்தார். திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். வீட்டில் குத்துவிளக்கையும் வெள்ளிச் செம்பையும் மினுக்குவதுபோல, ஒரு சிட்டிகை திருநீற்றை அதில் வைத்து, சேலைத் தலைப்பால் தேய் தேய் என்று தேய்த்தார். சிலுவை பளபளத்தது. அம்மாவுக்குத் தான் என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை. கறுத்த வெள்ளியைக் கண்டால் அவருடைய கை சும்மா இருக்காது.

நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து பார்த்தார்.

"அம்மா, அவருக்கும் திருநீறு பூசிப்போட்டியள்!"

அம்மா கையைப் பார்த்தார். சிலுவையைப் பார்த்தார். "சீ, போடி," என்றார். எத்தனை வருடத்துக்குப் பிறகு உங்களைப் போடி என்றார்! பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, வள்ளத்துக்கு நேரமாகிறது என்றார்.

*

உங்களைக் கரையில்தான் அடக்கம் செய்தார்கள். கடற்கரை மணலில் இருக்கும் அந்தச் சேமக்காலையில், சிலுவைகள் எல்லாம் கடலைப் பார்த்திருக்கும் இடத்தில். முன்பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். விளையாட்டு என்று நினைத்து ஒருவன் இரண்டாம் முறை வரிசையில் வந்து நின்றான். ஒருவரும் அவனைத் தள்ளவில்லை.

அம்மா வரவில்லை. அம்மா வந்தால் அது ஒப்புக்கொள்வது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். என்னைத் தடுக்கவில்லை. "போட்டு வா. வந்து தோய்ஞ்சிட்டு உள்ளுக்கு வா. தோய்ஞ்சால் சரி," என்றார். அயலூர்ச் சாவுக்குப் போய் வருகிறவனுக்குச் சொல்வது அது. ஒரு முழுக்கு. அத்தோடு முடிந்தது.

அடக்கம் முடிந்து றெஜினாக்கா வெறுந்தேத்தண்ணி தந்தார். அப்போதுதான் சொன்னார்.

"ரீச்சர் ஒரு விசரி, தம்பி. தகப்பன் செத்த நேரம் முப்பத்தொரு நாளும் கோயிலுக்குள்ளை கால் வைக்கேல்லை. உந்தப் பூவரசுக்குக் கீழை நிண்டுதான் பூசை கண்டவ."

"ஏன்?"

"நானும் அதைத்தான் கேட்டனான். என்ன ரீச்சர், பங்குச் சுவாமியோடை கோவமோ எண்டு. எனக்குத் துடக்கு, றெஜினாக்கா எண்டா. நாங்கள் பெண்டுகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சம். இஞ்சை ஆரும் உதெல்லாம் பாக்கிறேல்லை. செத்த வீட்டிலையிருந்து நேரை கோயிலுக்குத்தானே வாறனாங்கள்."

"சுவாமி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இறங்கி வந்தவர். மழை தூறுது. பிள்ளை, எங்களிட்டை அப்பிடி ஒண்டும் இல்லை, உள்ளுக்கு வா எண்டார். தெரியும் சுவாமி, எனக்கு இருக்கட்டும் எண்டா. தகப்பனுக்கு முப்பத்தொண்டுப் பூசை ஒப்புக்குடுத்தது அவதான். அதையும் வெளியிலை நிண்டுதான் கண்டவ."

தேத்தண்ணி ஆறிவிட்டது, அக்கா.

சாவுக்குக் கதவு சாத்தாத இடம் என்றுதான் நீங்கள் அந்தக் கோயிலுக்குப் போனீர்கள். பிறகு அதே கோயிலின் திறந்த கதவுக்கு வெளியே நீங்களாக நின்றீர்கள். எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. அப்பாவிடமிருந்து ஒரு பிள்ளைக்கு வர வேண்டியது அந்த முப்பத்தொரு நாள். அதை முற்றத்தில் வைத்து இல்லையென்றார்கள். நீங்கள் கடல் கடந்து போய் அதை எடுத்துக்கொண்டீர்கள்.

*

வீட்டுக்கு வந்தேன். தோய்ந்தேன். உள்ளே போனேன்.

அடுத்த நாள் பின்னேரம் சாமியறை இருட்டாக இருந்தது. அதற்கடுத்த நாளும். கொடியேற்றம் கிட்ட வந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் காலம்.

"அம்மா, விளக்கு வைக்கேல்லையே?"

"எண்ணெய் முடிஞ்சுது, மோனை."

எண்ணெய்ப் போத்தல் குசினித் தட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. அம்மா நான் பார்ப்பதைப் பார்த்தார். திரும்பி அரிசி களைந்தார். அன்றிலிருந்து நானும் முகம் வழிக்கவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சித்தப்பா வந்துபோவார், சாமியறைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை.

நேற்றுப் பின்னேரம் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் உபயகாரர் தர்ப்பை போட்டு நிற்க வேண்டும், ஐயரிடம் சொல்ல வேண்டும். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே பந்தலடியில் ஊர் ஆட்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயர் வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"பேர் நட்சத்திரம் எல்லாம் போன வருசத்தைப்போலைதானே? துடக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டுமில்லை, ஐயா," என்றார் சித்தப்பா.

"தம்பியேன் வெளியிலை நிக்கிறார்?"

"அவர் படிச்சவர். உப்பிடித்தான் நிப்பார்," என்று தோரணக்காரர் ஒருவர் சொன்னார்.

"தாடியும் படிப்போடை வந்ததோ?"

சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரிக்கப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் துணிவு என்று ஒன்றும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. இன்னும் ஒரு நாள் இதைச் சொல்லாமல் இருக்க ஏலாது என்ற களைப்பு.

"எனக்குத் துடக்கு, ஐயா."

"விசர்க்கதை கதையாதை," என்றார் சித்தப்பா. "ஆருக்குத் துடக்கு? ஆர் செத்தது?"

அவர் கோபத்தில் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார். நீங்கள் செத்தபிறகு இந்தத் தீவில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"அக்கா," என்றேன். "என்ரை அக்கா செத்துப்போனா."

தோரணம் கட்டிய கைகள் நின்றன. ஐயர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"கலியாணம் கட்டினவவோ?"

"இல்லை."

"அப்ப தகப்பன் வழித் துடக்குத்தான். உமக்கும் இருக்குது," என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

"ஐயா, அவள் வேதத்துக்கு மாறினவள். நாங்கள் எப்பவோ தலை முழுகிப்போட்டம்."

"தலை முழுகிறது உங்கடை விருப்பம். துடக்கு விருப்பத்தைக் கேட்டு வாறேல்லை." அவருக்கும் எரிச்சல். "இவர் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் அறியாமல் விட்டிருப்பன். பத்துப்பேருக்கு முன்னாலை சொல்லிப்போட்டார். நான் எப்பிடித் தர்ப்பை தாறது? பொதுவிலை செய்யச் சொல்லுங்கோ."

திரும்பி வரும் வழியில் சித்தப்பா எனக்கு முன்னால் நடந்தார். பனங்கூடலடியில் நின்றார்.

"நீ ஒண்டையும் நம்பாதவன். உனக்கென்னத்துக்குத் துடக்கு?"

உண்மையாகவே கேட்டார். 

"நாளைக்கு நான் செத்தால் பாடை தூக்க நாலுபேர் வேணும். என்ரை பிள்ளையள் கனடாவிலையிருந்து போனிலை பாக்குங்கள். தூக்கிறது கோயிலடிச் சனம்தான். நீ யாழ்ப்பாணம் போயிடுவாய். இஞ்சை கிடக்கிறது நான்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதையும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய பயம் சின்னப் பயம் இல்லை.

எங்கள் படலையடியில் விடைபெறாமல் போனவர், நாலு அடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கடைசியிலை அவளுக்கு நோவு கூடவோ?"

"ஓம், சித்தப்பா."

தலையை ஆட்டினார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் போனார். இன்றைக்கு அவரும் கோயிலுக்குப் போகவில்லை. தாடி வளர்க்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

*

மேளம் நின்றுவிட்டது. சாமி உள்வீதி சுற்றி வந்திருக்கும். எங்கள் நாள் எங்களில்லாமல் முடிகிறது. அப்பா இருந்திருந்தால் என்னை என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த மூச்சுத்தான் ஞாபகம் வருகிறது. அம்மாவின் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா குசினியிலிருந்து வந்தார். கையைச் சேலையில் துடைத்தார். மேசையில் கிடந்த பிளேட் பெட்டியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். திருவிழாவைக் கெடுத்துவிட்டாய் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பெட்டியை எடுத்தார். அலுமாரியைத் திறந்து, தன்னுடைய வெள்ளைச் சேலைக்குக் கீழே வைத்தார்.

"உது இஞ்சை கிடக்கட்டும்," என்றார். "முப்பத்தொண்டுக்கு வேணும்."

அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"அண்டைக்கு அங்கை பூசை எத்தினை மணிக்காம்?"

றெஜினாக்கா ஒப்புக்கொடுத்திருக்கும் பூசை, அக்கா. உங்கள் முப்பத்தொன்றுக்கு. நான் அதை அம்மாவிடம் சொல்லவே இல்லை. எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார். காலமை ஏழு மணிக்கு என்றேன். "அப்ப முதல் வள்ளம்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

வருவோம். அம்மா உள்ளே போவாரோ தெரியாது. நான் பூவரசுக்குக் கீழே நிற்பேன். உங்களுடைய நம்பிக்கை எனக்கு வரவில்லை. வரும் என்று பொய் சொல்ல மாட்டேன். அப்பாவின் நம்பிக்கையும் என்னிடம் இல்லை. நீங்கள் எங்களுடையவர் என்பதற்கு இன்றைக்கு என்னிடம் இருப்பது முகத்தில் இருக்கிற இதுதான்.

அரிக்கிறது. அன்றுவரை இருக்கட்டும்.